மீட்டர் ஓடாட்டாலும் வாற காசு: மலையோரக் கரண்ட் பில்லின் கதை

கரண்ட் பில்லைக் கையில எடுத்தா நாம முதல்ல பார்க்கிறது அடியில இருக்கிற மொத்தத் தொகையைத்தான். கொஞ்சம் மேல பாருங்க. பாவிச்ச அலகுகளுக்கு ஒரு கணக்கு இருக்கும். அதுக்குப் பக்கத்தில "நிலையான கட்டணம்" என்று தனியாக ஒரு தொகை நிற்கும். வீட்டைப் பூட்டிப்போட்டு ஒரு மாசம் கொழும்பில் நின்றாலும் அது வரும். ஒரு பல்ப் கூட எரியாட்டாலும் வரும்.

"பாவிக்காத கரண்டுக்கு என்ன காசு?" என்று கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கேட்காத வீடு இருக்காது. கேள்வி நியாயமானது. ஆனா அதுக்குப் பதில் கேட்க எங்க போறது, யார் வாயைத் திறப்பாங்க என்றுதான் தெரியாது.

நம்ம மலைகளுக்குள்ளேயே இந்தக் கட்டணத்தைத் தாங்களே உட்கார்ந்து போட்ட ஆட்கள் இருந்தாங்க. எவ்வளவு, ஏன் அவ்வளவு, யார் குறைச்சுக் கட்டலாம் என்று கிராமத்து மண்டபத்தில் பாய் விரிச்சுப் பேசி முடிவெடுத்தாங்க. அவங்களுடைய கணக்கை ஒருதரம் விளங்கிக்கொண்டால், நம்ம பில்லில் இருக்கிற அந்த வரியும் விளங்கும். அந்த வரியைப் பற்றி யாரிடம் என்ன கேட்கணும் என்பதும் விளங்கும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தண்ணி எங்கட மலையில, வெளிச்சம் எங்க?

இலங்கையின் மின்சார வரலாற்றைச் சொல்றவங்க டி. ஜே. விமலசுரேந்திரவில் இருந்து தொடங்குவாங்க. மலைநாட்டுத் தண்ணீரில் இருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசிச்ச மனுஷன் அவர். அவர் கனவு கண்ட லக்ஷபான திட்டத்தின் முதல் கட்டம் இயங்கத் தொடங்கினது 1950-இல். முப்பத்திரண்டு வருஷம் எடுத்தது.

ஆனா அதுக்கு முன்னமே மலையில் டர்பைன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தேயிலைத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கான சின்ன நீர்ச்சுழலிகளை வச்சிருந்தன. தோட்டத்து ஓடையை வாய்க்காலில் திருப்பி, குழாய் வழியே இறக்கி, தேயிலை ஃபெக்டரி மெஷின்களை ஓட்டினாங்க. மிஞ்சினது தொரை பங்களாவுக்குப் போனது. வாய்க்காலை வெட்டினதும், மண் விழுந்தா அள்ளினதும், இரவில் டர்பைனுக்குக் காவல் இருந்ததும் தோட்டத்து ஆட்கள். அவங்க லயத்தில் எரிஞ்சது குப்பி லாம்பு.

பிறகு பெரிய அணைகளின் காலம் வந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறிச்சு 1976-இல் மாத்தளைப் பக்கம் திருப்பினாங்க. 1985-இல் கொத்மலையும் விக்டோரியாவும் வந்தன. விக்டோரியா ஒன்று மட்டும் 210 மெகாவாட். பழைய தெல்தெனிய நகரம் தண்ணிக்குள்ள போனது. கொத்மலைப் பள்ளத்தாக்கில் ஊர்கள் போயின. பெரிய கம்பிகள் மலைக்கு மேலால போச்சு. அதுக்குக் கீழ இருந்த எத்தனையோ கிராமங்களுக்கும் லயங்களுக்கும் அந்தக் கம்பியில் இருந்து ஒரு வீட்டுக் கம்பி இறங்கப் பல வருஷம் ஆனது. மலை உச்சியில் சிதறிக் கிடக்கிற முப்பது வீட்டுக்குக் கம்பம் நட்டு லைன் இழுக்கிறது மின்சார சபைக்குக் கட்டுப்படியாகாத வேலை. இந்தக் காரணத்தை ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க. நிலையான கட்டணத்தின் வேரும் இதேதான்.

அந்தக் காலத்தில் கரண்ட் இல்லாததுக்கும் விலை இருந்தது. மண்ணெண்ணெய்க்கு மாசா மாசம் காசு போகும். டீவி பார்க்க வாகன பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் ஏத்தணும். குப்பி லாம்பு சரிஞ்சு எரிஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்து மனம் கேட்காமல், சரியாத பாதுகாப்பான லாம்பு ஒன்றை உருவாக்கின சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புரவுக்கு 1998-இல் ரோலெக்ஸ் விருது கிடைச்சது. பில்லே வராத வீடுகளும் காசாலும் தோலாலும் கட்டிக்கொண்டுதான் இருந்தன.

ஓடையை வச்சு ஒரு சங்கம்

தோட்டங்கள் கைவிட்ட பழைய டர்பைன்களை மறுபடி ஓட்டலாமா என்று பார்க்கத் தொடங்கினது ஐ.டி.டி.ஜி. என்ற அமைப்பு. பிறகு பிரக்டிகல் எக்ஷன் என்று பெயர் மாத்தினதும் அதுதான். அங்கே கிடைச்ச அனுபவம் தொண்ணூறுகளில் கிராமங்களுக்கு இறங்கினது. 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் ஒரு திட்டமும், 2002 முதல் 2011 வரை அதன் தொடர்ச்சியும் உள்ளூர் வங்கிகள் வழியாக இதுக்குக் கடன் கொடுத்தன. உலகச் சுற்றுச்சூழல் வசதி கொஞ்சம் மானியம் கொடுத்தது. கண்டிக்கு மேற்கே கேகாலை, தெற்கே இரத்தினபுரி மலைகளில்தான் இது அதிகம் பரவினது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் தங்கட ஓடையில் தாங்களே கரண்ட் எடுத்தன.

ஒவ்வொரு கிராமத்திலும் இதை நடத்தினது ஒரு மின் நுகர்வோர் சங்கம். கரண்ட் எடுக்கிற வீடுதான் சங்கத்தின் அங்கத்தவர். கடனுக்குப் பொறுப்பும் அவங்க, தலைவர் செயலாளர் பொருளாளரைத் தெரிவு செய்றதும் அவங்க, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போறதும் அவங்க. அணை கட்டக் கல் சுமக்கிறது, குழாய் இறக்கிறது, கம்பம் நடுறது என்று பெரும்பாலான வேலை சிரமதானத்தில் நடந்தது. கையில் காசு இல்லாத வீடு உடம்பால் கட்டினது. வேலைக்கு வந்த நாட்களைக் கொப்பியில் எழுதி வச்சாங்க. அதுவும் ஒரு முதலீடாகத்தான் கணக்கானது.

கட்டணத்துக்கு வருவோம். சங்கங்கள் பொதுவாக வீட்டுக்கு மீட்டர் போடவே இல்லை. ஏன் என்று விளங்க டர்பைனைப் பார்க்கணும்.

ஒரு விநாடிக்கு 40 லீற்றர் தண்ணி 50 மீற்றர் உயரத்தில் இருந்து விழுதென்று வைங்க. அதில் உள்ள சக்தி கிட்டத்தட்ட 20 கிலோவாட். குழாயிலும் மெஷினிலும் பாதி போனால், கையில் வாறது 10 கிலோவாட். அந்தத் தண்ணி இரவு பகல் ஓடும். நீங்க லைட் போட்டாலும் ஓடும், போடாட்டாலும் ஓடும். யாரும் பாவிக்காத கரண்டை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிடும். அது அங்கே சும்மா தண்ணியைச் சூடாக்கிக்கொண்டு இருக்கும். டீசல் இல்லை, நிலக்கரி இல்லை. ஒரு அலகு கூடப் பாவிச்சா சங்கத்துக்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை.

அப்போ எதுக்குக் காசு? வங்கிக் கடனுக்கு. டர்பைனைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் மாசக் கொடுப்பனவுக்கு. பெயாரிங் போனா மாத்த, மின்னல் அடிச்சா கருவி வாங்க ஒரு சேமிப்புக்கு. இந்த மூன்றும் மாசா மாசம் மாறாதவை. அதனால கட்டணமும் மாறாத கட்டணமாக இருந்தது. சங்கத்தின் முழுப் பில்லுமே நம்ம பில்லில் இருக்கிற அந்த நிலையான கட்டணம்தான்.

விளங்கிறதுக்கு ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நாங்களாகப் போட்டவை. 10 கிலோவாட், 40 வீடு. கடன் தவணை 12,000 ரூபா, ஆளுக்கு 4,000, சேமிப்புக்கு 4,000. மொத்தம் 20,000. நாற்பதால் பிரிச்சா வீட்டுக்கு 500 ரூபா. பாடசாலைப் பிள்ளையும் போடும் கணக்கு.

பங்குபோட வேண்டியிருந்தது அலகை இல்லை, வாட்டை. 10,000 வாட்டை 40 வீட்டுக்குப் பிரிச்சா 250. நாலைந்து பல்ப், ஒரு டீவி, ஒரு ரேடியோ எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதுக்கு மேல இழுத்தா வீட்டு வாசலில் இருக்கிற சின்ன பிரேக்கர் விழுந்திடும். பெரிய வில்லன் அயன் பொக்ஸ். ஒரு அயன் பொக்ஸ் 1,000 வாட், அதாவது நாலு வீட்டுப் பங்கு. பின்னேரம் ஆறில் இருந்து பத்து மணிக்குள்ள ஒருத்தர் அயன் பண்ணினா ஊருக்கே லைட் மங்கும், யார் வீட்டில் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால அயன் பண்ணப் பகலில் நேரம் வச்சாங்க. கூட வாட் வேணும் என்றால் கூடக் கட்டணும். மாசி, பங்குனியில் ஓடை வற்றினா எல்லாருக்கும் ஒரேயளவு குறையும்.

கொப்பியைத் திறந்து காட்டுறது

இந்தச் சங்கங்களில் நாம கவனிக்க வேண்டியது கட்டணம் மலிவா விலையா என்பதை விட, அதை எப்படி விளங்கப்படுத்தினாங்க என்பதை. மாசக் கூட்டத்தில் பொருளாளர் கொப்பியைத் திறந்து வாசிப்பார். இவ்வளவு வந்தது, இவ்வளவு வங்கிக்குப் போனது, இவ்வளவு பெயாரிங்குக்கு. "போன மாசமும் பெயாரிங், இந்த மாசமும் பெயாரிங்கா?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா கேட்கலாம். பதில் சொல்லியே ஆகணும், ஏனென்றா நாளைக்கு அதே அம்மாவை ஓடைக்கரையில் சந்திக்கணும்.

கட்டாத வீட்டுக்கு என்ன செய்றது என்பதும் கூட்டத்தில்தான். சுகமில்லாமல் கட்டாதவருக்குத் தவணை, சும்மா கட்டாதவருக்குக் கம்பி வெட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஊருக்குத் தெரியும். கொழும்பில் இருக்கிற கம்பியூட்டருக்குத் தெரியாது.

இதை ஒரு சொர்க்கமாகக் காட்டவும் கூடாது. ஒரே தலைவரில் தொங்கின சங்கங்கள் அவர் விலகினதும் சரிஞ்சன. கட்சிச் சண்டை கூட்டத்துக்குள்ள வந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச ஊரில் ஏழை வீட்டுக்கு வெட்கமும் சேர்ந்து வந்தது.

நமக்கு இன்னொன்றும் முக்கியம். இந்தச் சங்கங்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில்தான் உருவாகின. அங்கே வீட்டுக்காரருக்குக் காணி இருந்தது, ஓடைக்கு மேல் ஊருக்கு ஒரு உரிமை இருந்தது, வங்கிக்கு முன்னால் போய் நிற்க ஒரு முகவரி இருந்தது. லயத்தில் இருக்கிறவருக்குக் காம்பராவே சொந்தமில்லை. முதலில் வெள்ளைக்காரக் கம்பனி, எழுபதுகளில் அரசாங்கம், 1992-க்குப் பிறகு மறுபடி கம்பனி. பக்கத்தில் ஓடை ஓடினாலும் அதைத் திருப்ப அனுமதி கேட்க வேண்டியது தொரையிடம். பரம்பரையாக டர்பைன் வாய்க்காலைத் துப்புரவு செய்த கைகளுக்குத் தங்களுக்கென்று ஒரு டர்பைன் வைக்கிற வழி பெரும்பாலும் திறக்கவில்லை.

பெரிய கம்பி வந்த பிறகு

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் மின்சார சபையின் கம்பி வேகமாக மலை ஏறினது. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள நாட்டில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் கரண்ட் வந்தாச்சு. நல்ல செய்திதான். பிரிட்ஜ் வைக்கலாம், எந்த நேரமும் அயன் பண்ணலாம். வசதியான வீடுகள் முதலில் சபைக்கு மாறின.

இப்போ மேல போட்ட கணக்கை மறுபடி எடுங்க. 40 வீட்டில் 15 விலகினா மிச்சம் 25. ஆனா கடன் குறையாது, ஆளின் கொடுப்பனவு குறையாது, பெயாரிங் விலை குறையாது. அதே 20,000-ஐ 25-ஆல் பிரிச்சா 800 ரூபா. 800 என்றதும் இன்னும் பத்து வீடு விலகும். 15 வீட்டுக்கு 1,333 ரூபா. அதோட கதை முடிஞ்சது. பல சங்கங்கள் இப்படித்தான் மூடுப்பட்டன. டர்பைன் பழுதாகி நின்றதை விட, பங்கு பிரிக்க ஆள் இல்லாமல் நின்றது அதிகம்.

நிலையான கட்டணம் என்றால் என்ன என்று இதை விட நன்றாகச் சொல்ல முடியாது. கம்பியும் கம்பமும் ஆளும் நீங்க பாவிக்கிற அலகைப் பார்த்துச் சம்பளம் கேட்கிறதில்லை. அந்தச் செலவை யாரோ ஒருத்தர் சுமக்கத்தான் வேணும். யார், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சபையின் பில்

மின்சார சபை இதைக் கையாண்டது வேற மாதிரி. 2014 முதல் 2022 வரை இருந்த கட்டணத்தில், மாசம் 30 அலகுக்குள் பாவிக்கிற வீட்டுக்கு அலகு 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. முப்பது அலகுக்கு மொத்தம் 105 ரூபா. அந்தக் காசுக்கு அந்தக் கரண்டை உண்டாக்கவே முடியாது. மிச்சத்தைக் கூடப் பாவிக்கிற வீடுகளும் கடைகளும் ஹோட்டல்களும், கடைசியில் சபையின் கடனும் சுமந்தன. ஏழைக்கு மலிவு என்கிற நோக்கம் நல்லது. ஆனா அந்த மலிவு மீட்டருக்குத்தான் கிடைச்சது, குடும்பத்துக்கு இல்லை.

லயத்தில் ஒரு காம்பராவில் அப்பா அம்மா, தடுப்பு அடிச்சு அடுத்த பக்கம் மூத்த மகன் குடும்பம், பின்னால் தகரம் போட்டு இளைய மகன் குடும்பம் என்று இருப்பாங்க. வீடு கம்பனியுடையது, தனி மீட்டர் எடுக்கிறது லேசில்லை. அதனால ஒரே மீட்டர். மூன்று குடும்பமும் தலா 30 அலகு பாவிச்சா மீட்டர் காட்டுறது 90. பழைய கட்டணத்தில் முதல் 60 அலகுக்கு 7.85 வீதம் 471, அடுத்த 30-க்கு 10 வீதம் 300, நிலையான கட்டணம் 90. மொத்தம் 861 ரூபா. தனித்தனி மீட்டர் இருந்திருந்தா மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 315 தான். சபையின் கணக்கில் பிழையில்லை. அந்தக் கணக்கு போட்டவங்க ஒரு லயத்தைப் பார்த்துப் போடவில்லை.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, டீசல் இல்லை, நாள் கணக்கில் மின்வெட்டு. ஒன்பது வருஷம் உயராத கட்டணம் ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 30 அலகு வீட்டுக்கு அலகு 8 ரூபா, நிலையான கட்டணம் 120, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300. ஆறு மாசத்துக்கு முன் 105 கட்டின அதே வீடு, அதே பல்ப்.

அதில் இன்னொரு பொறி இருந்தது. 30 அலகைத் தாண்டி 31 ஆனா நிலையான கட்டணம் 400-இல் இருந்து 550-க்குத் தாவும். ஒரு அலகுக்கு 37 ரூபாவும் சேர்ந்து, அந்த முப்பத்தோராவது அலகின் உண்மையான விலை 187 ரூபா. மீட்டர் வாசிக்க வாறவர் இரண்டு நாள் பிந்தி வந்தா அந்த அலகு ஓடியிருக்கும். கம்பத்தின் செலவு 31-ஆவது அலகில் திடீரென்று கூடுமா? கூடாது. அப்போ அந்த 150 ரூபாவைக் கம்பத்துச் செலவு என்று விளங்கப்படுத்த முடியாது. பெயர் நிலையான கட்டணம், உள்ளே இருப்பது வேற கணக்கு: யார் கூடப் பாவிக்கிறாங்களோ அவங்களிடம் கூட எடுப்போம் என்கிற கொள்கை. அந்தக் கொள்கைக்கு நியாயம் இருக்கலாம். அதை அதன் பெயரிலேயே சொல்லணும் என்பதுதான் நம்ம கேள்வி.

2023 ஜூலையில் அது 10 ரூபாவும் 150-ம் ஆக இறங்கினது. 2024 ஜூலையில் 6-ம் 100-ம். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி செலவுக்கு ஏற்ற விலை என்கிற கணக்கு இப்போ வருஷத்தில் பல தடவை திருத்தப்படுது. ஏறும், இறங்கும். ஏன் ஏறினது, ஏன் இறங்கினது என்று லயத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

வெளியில் எப்படி?

கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1930-களில் பத்துப் பண்ணைக்கு ஒன்றில்தான் கரண்ட் இருந்தது. கம்பனிகள் தூரத்து வீட்டுக்குக் கம்பி இழுக்க மாட்டோம் என்றன. 1935-இல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்க, அதன் கடனில் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கங்கள் அமைச்சாங்க. அவை இன்றும் நடக்குது. அங்கேயும் நிலையான கட்டணம் உயர்ந்தா சண்டைதான். ஆனா சண்டை பிடிக்க அங்கத்தவருக்கு ஒரு கூட்டமும் ஒரு வாக்கும் இருக்கு.

இந்தியாவும் 1960-களின் கடைசியில் ஐந்து இடங்களில் இதைச் செய்து பார்த்தது. கர்நாடகத்தின் ஹுக்கேரியும் தெலங்கானாவின் சிரிசில்லாவும் நீண்ட காலம் நின்று பிடிச்சன. மகாராஷ்டிராவின் முலா பிரவராவில் மின்சாரம் வாங்கின பாக்கி மலையாகக் குவிய, 2011-இல் விநியோகம் மாநில நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கத்தவர் மனம் நோகக் கூடாது என்று உண்மை விலையைச் சொல்லாமல் விட்டால், சங்கமும் சபையைப் போலத்தான் கடனில் விழும்.

நாம எங்க கேட்கிறது?

ஓடைச் சங்கங்கள் நமக்கு விட்டுப்போன பாடத்தை மூன்று கேள்வியாக எடுக்கலாம். இந்தக் கட்டணம் எந்தச் செலவுக்கு? அந்தச் செலவை ஏன் இப்படிப் பிரிச்சீங்க? கட்ட முடியாதவருக்கு என்ன வழி? சங்கத்தின் பொருளாளர் இந்த மூன்றுக்கும் மாசா மாசம் பதில் சொன்னார். நம்ம பில் மூன்று மொழியில் வருது, ஒன்றுக்கும் பதில் சொல்றதில்லை.

கேட்கிறதுக்கு ஒரு கதவு சட்டத்தில் இருக்கு. கட்டணத்தை அங்கீகரிக்கிறது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. பெரிய கட்டணத் திருத்தங்களுக்கு முன் அது மக்கள் கருத்தைக் கேட்குது; எழுத்தில் அனுப்பலாம், மாகாணங்களில் நடக்கிற கூட்டத்தில் நேரில் பேசலாம். தமிழில் பேசலாம், தமிழில் எழுதலாம். அங்கே வர்த்தக சங்கங்கள் வரும், கைத்தொழில்காரர் வருவாங்க, கணக்குத் தெரிஞ்ச கொழும்பு ஆட்கள் வருவாங்க. மூன்று குடும்பத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கை அங்கே கொண்டுபோய் வைக்க லயத்தில் இருந்து ஆள் போகணும்.

அடுத்த தடவை கருத்துக் கேட்கும் அறிவித்தல் வரும்போது, உங்கட லயத்தில் எத்தனை மீட்டர், எத்தனை குடும்பம், ஒவ்வொரு மீட்டரிலும் எத்தனை அலகு என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்க. அந்தக் கொப்பியில் இருக்கிற கணக்கு சபையிடம் இல்லை, ஆணைக்குழுவிடமும் இல்லை.